தினமும் வரைந்தால் கை ஏன் பழகுகிறது?

வில்லியனூர்த் தெருவில் விடியற்காலையில் சிக்குக்கோலம் போடுபவரின் விரல்களைக் கவனியுங்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே மாவு சீராக இறங்கும். புள்ளிகளைச் சுற்றிவந்த இழை, புறப்பட்ட இடத்திலேயே வந்து சேரும். பிறவித் திறமை என்று தோன்றும். அடித்தும் திருத்தியும் நைந்துபோன கோல நோட்டு அலமாரிக்குள் இருப்பது வெளியே தெரியாது.

கோடு தவறும்போதெல்லாம், நினைத்ததற்கும் விழுந்ததற்கும் உள்ள வித்தியாசத்தைச் சிறுமூளை கணக்கிட்டு, அடுத்த அசைவைத் திருத்துகிறது. தூக்கத்தில் அந்தப் பாடம் கெட்டிப்படுகிறது. அதனால்தான் ஞாயிறு மட்டும் இரண்டு மணி நேரம் வரைவதைவிட, தினமும் கால் மணி நேரம் மேல்.

கை பாதிதான்; மீதி கண். தென்னை என்றதும் மூளை தயாராக ஒரு படத்தை நீட்டும்: ஒரு தண்டு, மேலே ஐந்து ஓலை. பாகூர்ப் பக்கம் ஒரு தோப்பில் நோட்டுடன் உட்கார்ந்தால்தான், நம்மை நோக்கி நீளும் ஓலை குட்டையாகத் தெரிவது புரியும். கையோ அதை நீளமாகவே வரையத் துடிக்கும். என்ன செய்வது? ஓலையை விடுங்கள், ஓலைகளுக்கு நடுவே தெரியும் வானத் துண்டுகளை வரையுங்கள். வானத் துண்டுக்கு மூளையிடம் தயார்ப் படம் கிடையாது, கண் பார்த்தே தீர வேண்டும்.

அடுத்து பாகூர் மூலநாதர் கோயிலின் சோழர் காலச் சிற்பங்கள். நாளுக்கு ஒன்று போதும்.

விலை உயர்ந்த நோட்டு வேண்டாம், முதல் பக்கத்தைத் தொடவே பயம் வரும். கோடு போடாத நாற்பது பக்க நோட்டு போதும். தேதி போடுங்கள், எந்தப் பக்கத்தையும் கிழிக்காதீர்கள்.