காரைத் தடுக்காமலே காரைக் குறைத்த ஊர்

ஸ்பெயினின் வடமேற்கு மூலையில், கலீசியாப் பகுதியில் இருக்கிறது பொந்தெவேத்ரா. மக்கள்தொகை சுமார் 83,000. 1999 இல் அங்கே மேயரானார் மிகேல் அன்ஷோ பெர்னாண்டஸ் லோரஸ் என்ற மருத்துவர். முதல் மாதத்திலேயே பழைய நகரின் 3 லட்சம் சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ 74 ஏக்கர், நடப்பவர்களுக்கென்று ஒதுக்கப்பட்டது.

நெரிசலை நகராட்சி பிரித்துப் பார்த்த விதம்தான் அழகு. தெருவை அடைத்த கார்களில் பல, நிறுத்த இடம் தேடிச் சுற்றியவை. வேறு பல, ஊருக்குள் ஒரு வேலையும் இல்லாமல் குறுக்கு வழியாகப் புகுந்தவை. வழக்கமாக என்ன செய்வார்கள்? சாலையை அகலப்படுத்துவார்கள். இங்கே மையத்தின் தெருவோர நிறுத்தங்களையே எடுத்துவிட்டார்கள். பதிலுக்கு நிலத்தடியிலும் ஊர் விளிம்பிலும் இடம் தந்தார்கள். விளிம்பில் கட்டணம் கிடையாது. நிறுத்த இடமே இல்லாத தெருவில் எதைத் தேடிச் சுற்றுவது?

குறுக்கே புகுந்தவர்களுக்கு இன்னும் நுட்பமான ஏற்பாடு. ஒருவழித் தெருக்களை வளையங்களாகக் கோத்தார்கள். உள்ளே நுழைந்த கார் ஒரு சுற்று வந்து, நுழைந்த பக்கமே வெளியேறும். மறுமுனைக்குக் கடக்க வழியில்லை. சரக்கு இறக்கும் வண்டியும், பாட்டியை வாசலில் இறக்கிவிடும் காரும் தாராளமாக வரலாம்.

பல தெருக்களில் நடைபாதையின் விளிம்புக்கல்லும் போனது. இந்த வாசல் முதல் எதிர்வாசல் வரை ஒரே மட்டத்தில் கருங்கல் தளம். சக்கர நாற்காலி தடையின்றி உருளும். தனக்கென்று தனித்தடம் இல்லாத ஓட்டுநரோ தானாகவே வேகத்தைக் குறைப்பார்.

அந்த வேகத்துக்கும் மணிக்கு 30 கி.மீ. என்று வரம்பு வைத்தார்கள். ஏன் 30? குழந்தை ஒன்று குறுக்கே ஓடுகிறது. ஓட்டுநரின் கால் பிரேக்கைத் தொட ஒரு நொடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். 30 இல் வரும் கார், உலர்ந்த சாலையில் 13 மீட்டர் சொச்சத்தில் நின்றுவிடும். 50 இல் வரும் கார் அதே 13 மீட்டரைக் கடக்கும்போது பிரேக்கே பிடித்திருக்காது; முழு வேகத்தில் மோதும்! மோதலின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், அடியும் 30 இல் மோதுவதைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு.

எனக்கு மிகவும் பிடித்தது ஒரு வரைபடம். பெயர் மெட்ரோமினூட்டோ. மெட்ரோ ரயில் வரைபடம் போலவே வண்ணக் கோடுகளும் நிலையங்களும் இருக்கும். ஆனால் அந்த ஊரில் மெட்ரோ ரயிலே இல்லை. கோடுகளின் மேல் எழுதியிருப்பவை நடக்க ஆகும் நிமிடங்கள். தூரம் என்று நினைத்து மலைத்த இடம் பல நேரம் பத்து நிமிட நடையில் இருக்கும். எந்தச் சாலையையும் தோண்டாமல், அச்சுக் காகிதச் செலவில் ஒரு போக்குவரத்துத் திட்டம்!

1996 முதல் 2006 வரை சாலை விபத்துகளில் அங்கே 30 பேர் இறந்தார்கள். அடுத்த பத்தாண்டுகளில் 3 பேர். 2021 மே மாதம் முதல், திசைக்கு ஒரு தடம் மட்டுமே உள்ள நகரச் சாலைகளில் ஸ்பெயின் முழுவதும் வேக வரம்பு 30 கி.மீ.தான்.