வாசல் விளக்கில் வந்து விழும் கொம்பு வண்டு

மழை பெய்து ஓய்ந்த இரவில், வாசல் விளக்கைச் சுற்றி 'விர்'ரென்று பறந்து, சுவரில் மோதி 'டப்'பென விழும் பெரிய கருப்பு வண்டைப் பார்த்திருப்பீர்கள். துடைப்பத்தால் தள்ளிவிட்டுக் கதவைச் சாத்திவிடுவதுதான் வழக்கம். வீட்டைச் சுற்றி நாலு தென்னை இருந்தாலும் சரி, அடுத்த முறை அதை டப்பாவில் போட்டு மூடி, காலையில் நிதானமாகப் பாருங்கள்.

தலையில் பின்னோக்கி வளைந்த ஒற்றைக் கொம்பு, கட்டை விரல் பருமன், 4 முதல் 5 செ.மீ. நீளம். அப்படியென்றால் அது காண்டாமிருக வண்டு. ஆணுக்குக் கொம்பு நீளம், பெண்ணுக்குக் குட்டை. கொம்பை வைத்துச் சொல்ல முடியாவிட்டால் திருப்பிப் போட்டு வால் நுனியைப் பாருங்கள். செம்பழுப்பு ரோமம் அடர்ந்திருந்தால் பெண். முட்டையிடப் போகிறவள் அவள்தான்.

கொம்பு உள்ளதெல்லாம் எதிரியல்ல. சாண வண்டிலும் கொம்புள்ளவை உண்டு. ஆனால் அதன் தலை முன்புறம் மண்வெட்டி போலத் தட்டையாக இருக்கும். சாணத்தை மண்ணுக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கிற நண்பன், விட்டுவிடுங்கள். வழவழப்பான தட்டை உடம்பும் துடுப்பு போன்ற பின்னங்கால்களும் இருந்தால், குளத்திலிருந்து வந்த நீர் வண்டு. யானைத் துதிக்கை போல நீண்ட மூக்குடன் செம்பழுப்பு நிறத்தில் இருந்தால் சிவப்புக் கூன்வண்டு. இதுதான் மரத்தையே சாய்ப்பது. காண்டாமிருக வண்டு துளைத்த காயம் இதற்கு முட்டையிட வாகான இடம்.

காண்டாமிருக வண்டு என்று உறுதியானால் தென்னையின் உச்சியை அண்ணாந்து பாருங்கள். விரிந்த ஓலைகள் கத்தரியால் முக்கோணமாக நறுக்கியது போல இருக்கும். குருத்தின் அடியில் துளையும், மென்று தள்ளிய நார்ச்சக்கையும் தெரியும். கம்பிக் கொக்கியால் வண்டைக் குத்தி வெளியே எடுங்கள். பிறகு வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு கலந்து, மரத்துக்கு 150 கிராம் வீதம் மேல் மூன்று மட்டை இடுக்குகளில் போடலாம்.

ஆனால் வண்டு பிறப்பது மரத்தில் அல்ல, எருக்குழியில். குழியைக் கிளறினால் விரல் பருமனில், சுருண்டு கிடக்கும் வெள்ளைப் புழுக்கள் வரும். பொறுக்கிக் கோழிக்குப் போடுங்கள், சண்டை போட்டுத் தின்னும். பச்சை மஸ்கார்டைன் எனப்படும் மெட்டாரைசியம் பூஞ்சாணத்தைத் தண்ணீரில் கரைத்து, ஈரமுள்ள குழியில் தெளித்தால் மிச்சமும் சாகும். பட்டுப்போன தென்னந்தடியைத் தோப்பில் மக்கவிடாதீர்கள், அதுவும் இதற்கு வீடுதான். பக்கத்து வீட்டுக் குழி மாதக்கணக்கில் கிளறாமல் கிடந்தால், அவரிடமும் டப்பாவைக் காட்டிவிட்டு வாருங்கள்.