கடைச் சின்னத்தைச் சுற்றி வெள்ளைக் கட்டம் வருவது ஏன்?

மிளகாய்த் தூள், மல்லித் தூள் அரைத்துச் சொந்தப் பெயரில் விற்கும் நமது உறுப்பினர் ஒருவர், அண்மையில் ஒரு கட்டு கவர்களைக் கொண்டு வந்து நம் மேசை மீது வைத்தார். சிவப்பு நிறக் கவர். நடுவே கடைச் சின்னம். சின்னத்தைச் சுற்றி ஒட்டுப் போட்டது போல ஒரு வெள்ளைச் சதுரம்! 5,000 கவர் அடித்தாகிவிட்டது. "கம்ப்யூட்டரில் பார்த்தபோது பின்னணியே இல்லைங்க, அச்சகத்தில்தான் கெடுத்துவிட்டார்கள்" என்றார். அச்சகத்தாரோ, "வந்த படத்தைத்தான் வைத்தோம்" என்கிறார்கள். இருவர் சொல்வதும் உண்மைதான். தவறு நடந்தது இடைவழியில்.

படம் என்பது கம்ப்யூட்டருக்கு ஒரு பேரேடு. படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு வரி. சிவப்பு எவ்வளவு, பச்சை எவ்வளவு, நீலம் எவ்வளவு என்று மூன்று பத்திகளில் 0 முதல் 255 வரை எண்கள் இருக்கும். பின்னணியை நீக்கிய படத்தில் நான்காவதாக ஒரு பத்தி உண்டு. அந்தப் புள்ளி கண்ணுக்கு எவ்வளவு தெரிய வேண்டும் என்பதே அதன் கணக்கு. 0 என்றால் கண்ணாடித் தாள் போல அடியில் உள்ளது அப்படியே தெரியும். 255 என்றால் முழுதும் மறைக்கும். பின்னணியை 'அழித்தோம்' என்று நாம் சொல்வது, பெரும்பாலும் இந்தப் பத்தியில் 0 எழுதியதைத்தான்.

இப்போது ஜே.பி.ஜி. கோப்புக்கு வருவோம். 1992-இல் தரமாக வகுக்கப்பட்ட இந்த முறை புகைப்படங்களுக்கென்றே ஏற்பட்டது. அதில் நான்காவது பத்தியே கிடையாது. ஆகவே படத்தை ஜே.பி.ஜி.யாகச் சேமித்த உடனே அந்தக் கணக்கு தொலைந்துவிடும். காலியான இடத்தில் சில மென்பொருள்கள் வெள்ளையை நிரப்பும். சில, மற்ற மூன்று பத்திகளில் மிஞ்சியிருப்பதை அப்படியே எடுத்துக்கொள்ளும். அங்கே மூன்றும் 0 ஆக இருந்தால் கருப்பு வரும். ஒரே படம் ஓரிடத்தில் வெள்ளைக் கட்டமாகவும் வேறிடத்தில் கருப்புக் கட்டமாகவும் தெரிவது இதனால்தான். நோய் ஒன்றே.

நான்கு பத்தியும் முழுமையாக உள்ளது பி.என்.ஜி. இது 1996-இல் வந்தது. அதற்கு முந்திய ஜிஃப் முறையில் ஒரு புள்ளி ஒன்று தெரியும், அல்லது தெரியாது, நடுத்தரம் இல்லை. எனவே எழுத்துகளின் ஓரம் ரம்பப்பல் போல வரும். 2010-இல் கூகுள் அறிவித்த வெப்-பி கோப்பிலும் நான்காவது பத்தி உண்டு. ஆனால் ஃபோட்டோஷாப்பே 2022-இல்தான் அதை நேரடியாக ஏற்கத் தொடங்கியது. பழைய மென்பொருள் வைத்திருக்கும் அச்சகத்துக்கு அதை அனுப்பாதிருப்பது நலம்.

அப்படியானால் பி.என்.ஜி.யாகச் சேமித்தால் போதுமா? நம் உறுப்பினர் அதைத்தான் செய்திருந்தார். கோப்பைத் திறந்து பார்த்தோம். குறை ஏதும் இல்லை. ஆனால் அச்சகத்துக்கு அதை வாட்ஸ்அப்பில் 'போட்டோ'வாக அனுப்பியிருக்கிறார். அவ்வழியில் போகும் படம் சுருக்கப்பட்டு ஜே.பி.ஜி.யாகவே போய்ச் சேரும். அதையே 'டாக்குமெண்ட்' என்ற வழியில் அனுப்பியிருந்தால் கோப்பு மாறாமல் போயிருக்கும். மின்னஞ்சலில் இணைத்தோ பென் டிரைவிலோ கொடுத்தாலும் சரியே. அச்சகத்தாரும் சிவப்புப் பின்னணியில் ஒரு புரூஃப் காட்டியிருக்கலாம் என்பது வேறு விஷயம்.

சிலர் கோப்பின் பெயரில் உள்ள ஜே.பி.ஜி.யை அடித்துவிட்டு பி.என்.ஜி. என்று எழுதுகிறார்கள். கடலை எண்ணெய் டின்னில் நல்லெண்ணெய் லேபிள் ஒட்டுவது போலத்தான் அது. ஒருமுறை தொலைந்த பத்தி திரும்ப வராது. பின்னணியை மறுபடி நீக்கித்தான் ஆக வேண்டும். விண்டோஸில் உள்ள பெயிண்ட் செயலியிலும் எச்சரிக்கை தேவை. 2023-இல் விண்டோஸ் 11-க்கு வந்த புதிய பதிப்புக்கு முந்தியவற்றில் நல்ல பி.என்.ஜி.யைத் திறந்து சேமித்தாலே போதும், கட்டம் வந்துவிடும். ஜிம்ப் பயன்படுத்துவோருக்கு வேறு ஒரு குழப்பம். அதில் 'சேவ்' கொடுத்தால் எக்ஸ்.சி.எஃப். என்ற அதன் சொந்தக் கோப்புதான் கிடைக்கும், பி.என்.ஜி. வேண்டுமானால் 'எக்ஸ்போர்ட்' கொடுக்க வேண்டும்.

இணையத்திலிருந்து எடுக்கும் படங்களில் சாம்பலும் வெள்ளையுமாகச் சதுரங்கக் கட்டங்கள் தெரிந்தால் பின்னணி இல்லை என்று நம்பிவிடக் கூடாது. பல படங்களில் அந்தக் கட்டங்களே படத்தின் பகுதியாக இருக்கும். அடர்ந்த நிறத்தின் மேல் வைத்துப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

பெரிய அளவில் கவர், பை அடிப்பவர்கள் பி.என்.ஜி.யோடும் நிற்க வேண்டாம். அச்சு இயந்திரத்தின் நான்கு மை நிறங்களைக் குறிக்க அதில் இடமில்லை. பெரிதாக்கினால் மங்கவும் செய்யும். சின்னம் வரைந்தவரிடம் கோரல்டிரா அல்லது பி.டி.எஃப். மூலக் கோப்பைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பணம் கொடுத்தபோதே கேட்டிருக்க வேண்டியது அது.

பில் போடும் தெர்மல் பிரிண்டருக்கு மட்டும் இதெல்லாம் நேர்மாறு. அதற்குத் தெரிந்தது கருப்பு ஒன்றுதான். பின்னணி இல்லாத படத்தைக் கொடுத்தால் சில பில்லிங் மென்பொருள்கள் சின்னம் இருக்க வேண்டிய இடத்தில் கரிக்கட்டை போல அடித்துத் தரும். அங்கே வெள்ளைப் பின்னணியில் கருப்புச் சின்னத்தையே கொடுங்கள். 80 மி.மீ. தாளுக்குப் பொதுவாக 576 புள்ளி அகலமும், 58 மி.மீ. தாளுக்கு 384 புள்ளி அகலமும் போதும்.