டிசம்பர் 26-ம் ஒரு தாலாட்டும்

கணினியின் தந்தை என்று பள்ளியில் படித்தோமே, அந்த சார்லஸ் பாபேஜ் பிறந்தது 1791 டிசம்பர் 26. ரேடியத்தைக் கண்டுபிடித்ததாக கியூரி தம்பதியர் அறிவித்தது 1898-ல், இதே தேதியில். சோவியத் ஒன்றியம் முறைப்படி கலைந்ததும் 1991-ல் இதே நாள்தான். போட்டித் தேர்வு எழுதுகிறவர்கள் இதையெல்லாம் மனப்பாடமாகச் சொல்வார்கள். அந்தப் பட்டியலில் சுனாமியும் ஒரு வரியாகச் சேர்ந்துவிட்டதே, அதுதான் என்னை உறுத்துகிறது.

2003-ல் இதே நாள் விடியலில் ஈரானின் பாம் நகரம் நிலநடுக்கத்தில் சரிந்தது. 26,000 பேருக்கு மேல் மாண்டார்கள். சரியாக ஓராண்டு கழித்து, 2004-ல், சுமத்ரா கடலடியில் பூமி பிளந்தபோது நம் கடிகாரத்தில் காலை ஆறரை மணி. ஞாயிற்றுக்கிழமை. வேளாங்கண்ணியில் கிறிஸ்துமஸுக்கு வந்த கூட்டம் இன்னும் கலையவில்லை. அலை நம் கரையைத் தொட ஏறத்தாழ இரண்டு மணி நேரம் இருந்தது. ஒருவருக்கும் தெரியாது. கன்னியாகுமரியில் கடல் உள்வாங்கிப் பாறைகள் தெரிந்தபோது, ஜனங்கள் அதை அதிசயமாக நின்று பார்த்தார்கள். நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் உயிர்கள் போயின.

நிலநடுக்க மையத்துக்கு வெகு அருகில் இருந்தது சிமெலூ தீவு. சுமார் 78,000 பேர் வாழ்ந்த அந்தத் தீவில் இறந்தவர்கள் ஏழு பேர்! 1907-ல் அங்கே ஒரு பேரலை வந்து ஊரையே துடைத்துப் போட்டிருந்தது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'ஸ்மோங்'. நிலம் பலமாக ஆடி, கடல் பின்வாங்கினால் மேட்டுக்கு ஓடு என்பதைப் பாட்டிமார்கள் கதையிலும் தாலாட்டிலும் வைத்துப் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தார்கள். 97 வருஷம் கழித்து அந்த ஒரு சொல்லைக் கத்திக்கொண்டு ஊரே மேடேறியது.

ஹைதராபாத்தில் 2007 முதல் எச்சரிக்கை மையம் இயங்குகிறது, ஆறிய புண்ணை ஏன் கிளற வேண்டும் என்பவர்களும் உண்டு. ஆனால், கரண்டும் செல்போன் டவரும் போன பிறகு அந்தச் செய்தி குப்பத்தின் கடைசி வீட்டுக்கு எப்படிப் போய்ச் சேரும்?

2004-க்குப் பிறகு பிறந்தவர்கள் இப்போது ஓட்டுப் போடுகிறார்கள். வருஷா வருஷம் கடலில் பால் ஊற்றுகிறோம், மலர் தூவுகிறோம். கூட வந்து நிற்கும் பிள்ளையிடம், கடல் உள்வாங்கினால் எந்தத் தெரு வழியாக எந்த மேட்டுக்கு ஓட வேண்டும் என்று அன்றைக்காவது சொல்லிக் கொடுக்கிறோமா?