புதிய சுருக்கமும் பழைய பெட்டியும்

வைகுண்ட ஏகாதசியன்று, பொழுது புலர்வதற்கு முன்னரே ரத்தினாங்கி தரித்துப் புறப்படும் நம்பெருமாள் பரமபத வாசலைக் கடந்தருளும் காட்சியை, இரவெல்லாம் ஸ்ரீரங்கத்தில் காத்து நிற்கும் ஜனத்திரளுக்கு மட்டுமின்றி, சிங்கப்பூரிலும் லண்டனிலும் வாழும் நம்மவர்களுக்கும் வீட்டிலிருந்தபடியே காணக் கிடைக்கும்படி செய்திருப்பது, இக்காலத்து விஞ்ஞானம் நமக்குச் செய்திருக்கும் உபகாரங்களுள் ஒன்று. அந்த உபகாரத்துக்கு ஆதாரமாக நிற்பது வீடியோச் சுருக்கம் என்னும் நுட்பம். சுமார் பத்தாண்டுக்கு ஒருமுறை அது புது வடிவம் எடுக்கிறது. எடுக்கும்போதெல்லாம், நேற்றுவரை குறைவின்றி இயங்கிய பெட்டிகள் சில, புதிய படத்தைக் காட்ட இயலாமல் திகைத்து நின்றுவிடுகின்றன. அந்தச் சங்கடத்துக்கு அஞ்சிப் பழைய முறையோடு நின்றுவிடலாமா, அல்லது சங்கடம் இருந்தும் புதியதை ஏற்கத்தான் வேண்டுமா என்பதை ஆராய்வது அவசியமாகிறது.

சுருக்கம் ஏன் வேண்டும் என்பதைக் கணக்கே சொல்லிவிடும். எச்.டி. படம் ஒன்றில் அகலவாட்டில் 1,920, உயரவாட்டில் 1,080 புள்ளிகள்; ஒவ்வொரு புள்ளியின் வர்ணத்துக்கும் மூன்று பைட்; வினாடிக்கு 25 படங்கள். இவற்றைப் பெருக்கிப் பார்த்தால் ஒரு மணி நேரக் காட்சிக்குச் சுமார் 560 ஜிகாபைட் இடம் தேவைப்படும். அதையே எச்.264 என்னும் முறையில், வினாடிக்கு 8 மெகாபிட் வீதம் அடக்கினால், 3.6 ஜிகாபைட்டில் காரியம் முடிந்துவிடும்.

இது எவ்வாறு சாத்தியமாகிறது? ராஜகோபுரத்தின் முன்னே நடக்கும் புறப்பாடு ஒன்றைக் காமிரா அசையாமல் நின்று படம் பிடிப்பதாகக் கொள்வோம். 236 அடி உயர்ந்து நிற்கும் கோபுரம் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே மாறுவதில்லை. மாறுவன கீழே அசைந்து செல்லும் பல்லக்கும் குடையும் ஜனங்களுமே. ஆகையால் கோபுரத்தை ஒருமுறை முழுமையாக எழுதிவிட்டுப் பின்னர் ‘முன்போலவே’ என்று குறித்துக்கொண்டும், பல்லக்கைப் பற்றி இன்ன திசையில் இவ்வளவு நகர்ந்தது என்று மட்டும் சொல்லிக்கொண்டும் போனால் போதுமானது. ஆடிப்பெருக்கன்று அம்மா மண்டபத்துப் படித்துறையைத் தழுவி ஓடும் காவேரியின் அலைகளோ கணந்தோறும் புது உருக்கொள்வதால் இந்த உபாயத்துக்கு எளிதில் வசப்படுவதில்லை. அத்தகைய காட்சியில்தான் ஒரு சுருக்க முறையின் உண்மையான திறமை பரீட்சிக்கப்படுகிறது. எஞ்சியவற்றிலும் கண்ணுக்குப் புலப்படாத நுண்விவரங்களைப் பிரித்துக் களைவதற்கு உதவும் டிஸ்க்ரீட் கொசைன் டிரான்ஸ்ஃபார்ம் என்னும் கணித முறையை 1974-இல் வெளியிட்டவர்கள் நாசிர் அகமது, டி. நடராஜன், கே. ஆர். ராவ் ஆகிய மூவர். நாசிர் அகமது பெங்களூரில் பிறந்தவர். ராவ் நமது கிண்டிப் பொறியியல் கல்லூரியில் பயின்றவர்.

அவர்கள் இட்ட அஸ்திவாரத்தின்மீது 1990-களில் எம்பெக்-2, 2003-இல் எச்.264, 2013-இல் எச்.இ.வி.சி., 2018-இல் ஏவி1 என முறைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. எம்பெக்-2 கேட்ட இடத்தில் ஏறக்குறையப் பாதியைக் கொண்டே அதே தெளிவைத் தந்தது எச்.264, அதிலும் பாதியளவே போதும் என்றது எச்.இ.வி.சி. எச்.இ.வி.சி.யின் காப்புரிமைகள் பல குழுக்களிடம் பிரிந்து கிடந்து, யாருக்கு எவ்வளவு செலுத்துவது என்ற வழக்கு ஓயாதிருந்தபடியால், கூகுள், மொஸில்லா, நெட்ஃபிளிக்ஸ் முதலிய நிறுவனங்கள் 2015-இல் கூட்டாகச் சேர்ந்து, கட்டணமின்றி எவரும் உபயோகிக்கத்தக்க ஏவி1 முறையை உருவாக்கின.

இனி சங்கடத்துக்கு வருவோம். அமெரிக்காவிலுள்ள பேரன் தன் ஐஃபோனில் பிடித்துப் பென் டிரைவில் கொண்டுவந்த பிறந்தநாள் படத்தை ஸ்ரீரங்கத்தில் தாத்தாவின் டி.வி.யில் செருகினால், சில வேளைகளில் ஓசை மட்டும் கேட்கிறது. திரையோ இருண்டு கிடக்கிறது. கோப்பின் பெயரில் ‘எம்.ஓ.வி.’ என்றுதானே இருக்கிறது, முன்பு வந்த படங்களும் அதே பெயரோடுதானே ஓடின என்று வீட்டார் வியக்கிறார்கள். எம்.ஓ.வி. என்பது வெறும் உறைதான். ஒரே மாதிரி உறைக்குள் ஒரு கடிதம் தமிழிலும் மற்றொன்று ஜப்பானிய மொழியிலும் இருக்கலாம் அல்லவா? 2017 முதல் ஐஃபோன்கள் எச்.இ.வி.சி.யில் படம் எழுதி வருகின்றன. அந்த மொழியைப் படிக்கும் மின்சுற்று அதற்கு முற்பட்ட டி.வி.க்கள் பலவற்றின் சிப்பில் இல்லை. சிப்பில் இல்லாததைப் பின்னால் சேர்ப்பது இயலாத காரியம். கைப்பேசியிலோ கணினியிலோ மென்பொருளைக் கொண்டு ஒருவாறு சமாளிக்கலாம். ஆனால் கருவி சூடேறும், பேட்டரி விரைவில் வற்றும்.

இத்தகைய மாறுதலை நம் நாடு முன்னரே ஒருமுறை கண்டிருக்கிறது. தூர்தர்ஷன், மாதக் கட்டணமில்லாத தன் டி.டி.எச். சேவையை 2004 டிசம்பரில் எம்பெக்-2 முறையில் தொடங்கியது. 2007-ஆம் ஆண்டின் இறுதியை ஒட்டி வந்த சன் டைரக்டோ, பழைய பெட்டிகளின் பாரம் ஏதும் தன் தலைமேல் இல்லாத சௌகரியத்தால், இந்திய டி.டி.எச். நிறுவனங்களுள் முதலாவதாக, எச்.264 அடங்கிய எம்பெக்-4 வகையில் அடியெடுத்து வைத்தது. அளவான செயற்கைக்கோள் இடத்தில் அதிகமான சேனல்களை அனுப்ப அதற்கு வழி பிறந்தது. ஏழை எளியவர் வீடுகளில் ஏற்கெனவே பெட்டிகள் அமைந்துவிட்ட தூர்தர்ஷன் அவ்வாறு ஒரே நாளில் தாவ இயலாது. ஆகவே எம்பெக்-4 சேனல்களைச் சேர்த்துக்கொண்டே எம்பெக்-2 சேனல்களையும் அருகருகே பல்லாண்டுகள் நடத்தி வந்திருக்கிறது. கேபிள் வழியிலும் இதுபோன்ற மாறுதல் நேர்ந்தது. திருச்சி போன்ற நகரங்கள் கேபிள் டிஜிட்டல்மயத்தின் மூன்றாம் கட்டத்தில் சேர்க்கப்பட்டவை. 2017-இல் அரசு கேபிள் டி.வி. நிறுவனம் செட்டாப் பாக்ஸ்களை இலவசமாக வழங்கத் தலைப்பட்டபோது, மாறுதலின் செலவு முழுவதும் சந்தாதாரர் தலையில் விழாமல் காக்கப்பட்டது. புதியதை ஏற்பவர் பழைய கருவி வைத்திருப்பவரை நிர்க்கதியாக விடாதிருப்பதற்குரிய இரண்டு நல்ல மார்க்கங்களை இங்கே காண்கிறோம்: ஒன்று, இரண்டையும் சிலகாலம் சேர்த்து நடத்துவது, மற்றொன்று, மாறும் செலவில் பங்கேற்பது.

பழையதோடு நின்றுவிட்டால் செலவே இல்லை என்று நினைப்பது தவறு. செலவு உண்டு, அதைக் கொடுப்பவர்தான் கண்ணுக்குத் தெரிவதில்லை. நாளொன்றுக்கு 1.5 ஜிகாபைட் டேட்டாவை வைத்துக்கொண்டு துறையூரிலோ முசிறியிலோ கைப்பேசியில் பாடம் பார்க்கும் மாணவி, எச்.264 முறையில் வினாடிக்கு 2 மெகாபிட் வீதம் வரும் பாடத்தை நூறு நிமிஷத்துக்குத்தான் காண முடியும். பாதியளவில் அடங்கும் புதிய முறையிலோ மூன்று மணி நேரத்துக்கு மேல் காணலாம். புதிய முறையில் சுருக்குவதற்குக் கணினிக்கு அதிக உழைப்பும் நேரமும் ஆவது மெய்யே. ஆயினும் சுருக்குவது ஒருமுறை, பார்ப்பவர்கள் லட்சக்கணக்கானவர்கள். யூடியூப் இதனை உணர்ந்துதான், புதிய முறைகளில் பிரதிகள் செய்யும்போதே எச்.264 பிரதி ஒன்றையும் வைத்திருந்து, கேட்கும் கருவி எதைப் படிக்க வல்லதோ அதையே அனுப்புகிறது.

நம் ஊரின் கல்யாண ஸ்டுடியோக்களும் இந்த முறையையே கைக்கொள்ளலாம். பெண் வீட்டாருக்குப் பென் டிரைவ் கொடுக்கும்போது, 4கே படத்தை எச்.இ.வி.சி.யிலும், எந்த டி.வி.யிலும் ஓடத்தக்க எச்.டி. பிரதியை எச்.264-லும் சேர்த்துக் கொடுத்து, எது எதற்கு என்று ஒரு சீட்டில் எழுதித் தருவது பெரிய சிரமமன்று. குடும்பத்தார் கவனிக்க வேண்டியதும் ஒன்றுண்டு: ஒரு முறையிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும் ஒவ்வொரு தடவையும் படத்தின் நுட்பம் சிறிது குன்றுமாதலால், இடம் மிச்சமாகும் என்றெண்ணி மூலக் கோப்பை அழித்துவிடலாகாது. புதிதாக டி.வி. வாங்குவோர் திரையின் அங்குலத்தை மட்டும் விசாரியாமல், எச்.இ.வி.சி., ஏவி1 இரண்டும் அதில் ஓடுமா என்றும் கேட்டறிய வேண்டும்.

புதிய முறையைத் தயக்கமின்றி ஏற்போம். பழைய பெட்டி உள்ள வீட்டுக்கு அதற்குரிய பிரதியைக் கொடுப்பதையும் நம் கடமையாகக் கொள்வோம். இவ்விரண்டில் ஒன்றை மட்டும் செய்பவர் பாதி வேலையே செய்தவராவார்.