பம்பாய் குருதி வகை

பம்பாய் குருதி வகை என்பது ஏபிஓ குருதி வகை முறைமையுடன் தொடர்புடைய மிக அரிதான ஒரு குருதி வகை ஆகும். வழமையான சோதனையில் இது ஓ வகை போலவே தோன்றும். ஆயினும் இவ்வகையினருக்கு ஓ வகைக் குருதியை ஏற்றினால் உயிருக்கு ஆபத்து நேரலாம். 1952 ஆம் ஆண்டில் பம்பாய் (இன்றைய மும்பை) நகரைச் சேர்ந்த மருத்துவர் ஒய். எம். பெண்டேயும் பிற ஆய்வாளர்களும் இதனை லான்செட் மருத்துவ இதழில் அறிவித்தனர். இந்தியாவில் ஏறத்தாழ 10,000 பேரில் ஒருவருக்கும், ஐரோப்பாவில் ஏறத்தாழ பத்து இலட்சம் பேரில் ஒருவருக்கும் இவ்வகைக் குருதி இருப்பதாகக் கணிக்கப்படுகின்றது.

எச் பிறபொருளெதிரியாக்கி

செங்குருதியணுவின் மேற்பரப்பில் அமைந்துள்ள சர்க்கரை மூலக்கூறுகளே ஏ, பி வகைகளைத் தீர்மானிக்கின்றன. இவை இரண்டிற்கும் அடித்தளமாக இருப்பது எச் எனப்படும் பிறபொருளெதிரியாக்கி (ஆன்டிஜென்). எச் மீது ஒரு சர்க்கரை கூடுதலாக இணைந்தால் ஏ வகையும், வேறொரு சர்க்கரை இணைந்தால் பி வகையும் உண்டாகின்றன. இரண்டும் இணையாமல் எச் மட்டும் எஞ்சுவது ஓ வகை. அதாவது, ஓ என்பது வெறுமை அன்று. பம்பாய் வகையில் இந்த எச் பொருளே இல்லை. 19 ஆவது நிறப்புரியில் உள்ள எஃப்யூடி1 என்னும் மரபணு செயலிழந்திருப்பதால், எச் பொருளை உருவாக்கும் நொதியம் இவர்களில் சுரப்பதில்லை. அடித்தளம் இல்லாதவிடத்து, ஏ அல்லது பி மரபணு இருந்தும் பயனில்லை.

சோதனையில் கண்டறிதல்

ஊர்ப்புறக் குருதிக்கொடை முகாம்களிலோ, உத்திரமேரூர் போன்ற ஊர்களில் உள்ள சிறிய ஆய்வுக்கூடங்களிலோ கண்ணாடி வில்லையில் குருதித் துளிகளை இட்டு, ஏ எதிர்ப்பி, பி எதிர்ப்பி ஆகியவற்றை மட்டும் கலந்து பார்த்தால் இவ்வகை பிடிபடாது. எதனுடனும் அணுக்கள் திரளாமையால் "ஓ" என்றே அட்டையில் எழுதப்படும். இது சோதிப்பவரின் கவனக்குறைவு அன்று. சோதனையின் எல்லை அவ்வளவே.

நேர்மாறுச் சோதனையில்தான் உண்மை வெளிப்படும். இதில் சோதிக்கப்படுபவரின் குருதித் தெளியம், முன்னரே வகை அறிந்த அணுக்களுடன் கலக்கப்படுகின்றது. ஓ வகையினரின் தெளியம் ஓ அணுக்களைத் திரட்டுவதில்லை. பம்பாய் வகையினரின் தெளியமோ அவற்றையும் திரட்டிவிடும். பின்னர் உலெக்ஸ் யூரோப்பியசு என்னும் முட்செடியின் விதையிலிருந்து எடுக்கப்படும் எச் எதிர்ப்பியைக் கொண்டு உறுதி செய்வர். (நீலகிரிப் புல்வெளிகளில் களையாகப் பரவித் தொல்லை தருவதும் இதே செடிதான்.)

குருதி ஏற்றல்

பம்பாய் வகையினரின் குருதியில் எச் பொருளுக்கு எதிரான பிறபொருளெதிரிகள் இயற்கையாகவே உள்ளன. இவை உடல் வெப்பநிலையிலும் வீரியத்துடன் செயற்படுபவை. எனவே ஓ வகை அணுக்கள் ஏற்றப்பட்டால் அவை குருதிக் குழாய்க்குள்ளேயே சிதைந்து, சிறுநீரகம் செயலிழக்கவும் இறப்பு நேரவும் கூடும். குருதி ஏற்றும் முன் கொடையாளியின் அணுக்களையும் பெறுநரின் தெளியத்தையும் கலந்து பார்க்கும் பொருத்தச் சோதனை இவ்விபத்தைத் தடுக்கின்றது. அவசரத்தில் அதனைத் தவிர்த்தால் கேடு நேரும்.

இவர்கள் பம்பாய் வகைக் குருதியை மட்டுமே ஏற்க முடியும். திட்டமிட்ட அறுவை சிகிச்சையாயின், தமது குருதியையே முன்கூட்டி எடுத்துச் சேமித்துக்கொள்ளவும் இயலும். கொடையாளியைத் தேடுகையில் முதலில் சோதிக்கப்பட வேண்டியோர் உடன்பிறந்தோரே.

மரபுவழி

இது பின்னடைவுப் பண்பு. தாய், தந்தை இருவரிடமிருந்தும் குறையுள்ள மரபணு வந்தால் மட்டுமே வெளிப்படும். நெருங்கிய உறவில் மணம் செய்யும் வழக்கமுள்ள குடும்பங்களில் இதற்கான வாய்ப்புக் கூடுகின்றது. ஏபி வகைத் தந்தைக்கு ஓ வகைக் குழந்தை பிறக்காது என்பது பாடநூல் விதி. ஆயினும் அக்குழந்தை பம்பாய் வகையாக இருந்தால் சோதனை "ஓ" என்றே காட்டும். எனவே குருதி வகையை மட்டும் வைத்துப் பெற்றோரை ஐயுறுதல் தவறாகும்.