முலாமில் முளைக்கும் மேடுகள்

கற்பிட்டிக் கரையில் வள்ளத்துக்கு நாக முலாம் பூசிய போல்ட் வாங்கப் போனால், இரண்டு வகையைப் பிரித்தறிய வேண்டும். உருகிய நாகத்தில் முக்கியெடுத்தது மங்கிய சாம்பல் நிறம். பூச்சு ஏறத்தாழ 50 மைக்ரோமீற்றர் தடிப்பு. மின்முலாம் பூசியது பளபளக்கும். பெரும்பாலும் 5 முதல் 12 மைக்ரோமீற்றர்தான். உப்புக்காற்றில் பூச்சு எங்கே மெல்லிசோ அங்கேதான் துரு முதலில் எட்டிப்பார்க்கும். ஆகவே மின்முலாம் எங்கும் ஒரே அளவாகப் படிய வேண்டும். அதைக் கெடுப்பது மேற்பரப்பின் கரடுமுரடு.

முலாம் தொட்டியில் இரும்புப் பொருள்தான் கதோட்டு. கரைசலிலுள்ள நாக அயன்கள் அதனிடம் இலத்திரன் பெற்று உலோகமாகப் படிகின்றன. ஒரு அம்பியர்-மணிக்கு அதிகபட்சம் 1.22 கிராம். படியப் படியப் பரப்பை ஒட்டிய கரைசலில் அயன்கள் குறைகின்றன. புதியவை, ஏறக்குறைய அசையாத ஒரு மெல்லிய படையைப் பரவலால் கடந்தே வந்தாக வேண்டும். கரைசல் சும்மா நின்றால் இந்தப் பரவல் படை 0.2 மில்லிமீற்றர் அளவுக்கு இருக்கும். கலக்கக் கலக்க மெலியும். அயன் வந்துசேரும் வேகம்தான் உலோகம் படியும் வேகத்தின் உச்சவரம்பு.

இப்போது பரப்பில் 5 மைக்ரோமீற்றர் மேடு ஒன்று இருக்கட்டும். பரவல் படை அதைவிடப் பலமடங்கு தடிப்பானது என்பதால் மொத்த வரவு கூடாது. ஆனால் மேட்டின் உச்சி, அயன் வரும் திசைக்குச் சற்று அருகில் இருக்கிறது. பள்ளத்தைவிட அதற்கே கூடுதலாகக் கிடைக்கும். கிடைப்பதால் வளரும், வளர்வதால் இன்னும் கிடைக்கும். உச்சவரம்பை நெருங்கி மின்னோட்டம் ஓடினால் மேடு கிளைவிட்ட ஊசியாகி, உதிரும் தூளாகவே முடியும். செம்புத்தூள் செய்பவர்கள் இதையே வேண்டுமென்று செய்கிறார்கள். மேடுகள் படையின் தடிப்பையே எட்டிவிட்டால் கதை மாறும்: படை மேடுபள்ளத்தோடு வளைந்து செல்ல, மொத்த வரவும் கூடும். செம்பு படியும்போது உச்சவரம்பில் கரடுமுரடு என்ன செய்கிறது என்பதை ஆய்வாளர்கள் இப்ல், ஷாடெக் ஆகியோர் 1967இல் ஆராய்ந்து எழுதினர்.

மருந்து நேர்த்தியானது. மட்டமாக்கும் சேர்பொருளைக் கரைசலில் சிறிதளவு கலப்பார்கள். அதுவும் பரவலால்தான் வருகிறது. அதனால் அதுவும் உச்சிகளுக்கே அதிகம் போய் ஒட்டி, அங்கே உலோகம் படிவதைத் தடுக்கிறது. பள்ளம் மெல்ல நிரம்புகிறது. மேட்டை வளர்த்த அதே விதி மேட்டை அடக்கவும் உதவுவதை எண்ணும்போதெல்லாம் எனக்கு வியப்புத் தீர்வதில்லை.

கடல்நீர் உருக்கை அரிப்பதிலும் இதே கணக்குத்தான். அங்கே வந்துசேர வேண்டியது உலோக அயனல்ல, கரைந்த ஒட்சிசன். நுரைச்சோலையின் 900 மெகாவாற் லக்விஜய அனல்மின் நிலையம் கடல்நீரால் குளிர்விக்கப்படுகிறது. கடல்நீர் விரைந்தோடும் எந்தச் சாதாரண உருக்குக் குழாயிலும், உள்ளே துருத்தி நிற்கும் வெல்டிங் தழும்பு நீரில் சுழிப்பை உண்டாக்கி, பரவல் படையை அவ்விடத்தில் மெலியச் செய்கிறது. ஒட்சிசன் கூடுதலாக வருகிறது, உருக்கு விரைவில் அரிக்கப்படுகிறது. தழும்பை அரைத்து மட்டமாக்கினால் அந்தச் சுழிப்பு அடங்கும்.